நடுவரில்லா ஆட்டத்தில் நடுவுநிலைமை
கோல்ஃப் கழகங்களின் மாதப் போட்டி நாள் பற்றிய ஒரு பாடம்

விளையாட்டு என்றதும் நம் பிள்ளைகளின் நினைவில் முதலில் எழுவது காற்பந்தாட்டம். பெற்றோரின் நினைவில் எழுவன கிரிக்கெட்டும் கிளித்தட்டும். கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தைச் செல்வர் ஆடும் ஆட்டம் என்று ஒரு சொல்லிற் கூறி நாம் ஒதுக்கிவிடுவதுண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அதனைப் பின்னர் ஆராய்வோம். ஆயினும் அவ்வாட்டத்தின் கழகங்கள் மாதந்தோறும் நடத்தும் போட்டி நாளில் நம் பாடசாலைக்கும் நம் இல்லங்களுக்கும் பயன்படத்தக்க இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்று, வல்லவரையும் புதியவரையும் ஒரே போட்டியில் நீதியாக நிறுத்தும் கணக்கு. மற்றையது, நடுவர் உடன்வராமலே ஒவ்வொருவரும் தத்தம் அடிகளை எண்ணி ஒப்புக்கொள்ளும் ஒழுக்கம். இவ்விரண்டையும் மாணவர்க்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டமும் கழகமும்

குழிப்பந்தாட்டத்தின் அடிப்படை மிக எளியது. சிறு பந்து ஒன்றைக் கோலால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் இயன்றளவு குறைந்த அடிகளில் விழச் செய்தல் வேண்டும். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். முழுமையான ஆட்டம் 18 குழிகளைக் கொண்டது. ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். அதனைப் 'பார்' என்பர். அது பெரும்பாலும் 3, 4 அல்லது 5 ஆகும். பதினெட்டுக் குழிகளுக்கும் கூட்டினால் பல திடல்களில் 72 வரும்.

நம் எர்லாங்கனுக்குக் கிழக்கே, கிளைன்செண்டல்பாக் என்னும் ஊரருகே, எர்லாங்கன் கோல்ஃப் கழகத்தின் திடல் அமைந்துள்ளது. சொந்தத் திடல் உடைய இத்தகைய கழகங்கள் ஒரு வகை. திடல் எதுவும் இல்லாமல், நண்பர்களும் உடன் பணிபுரிவோரும் கூடி, மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு திடலில் கட்டணம் செலுத்தி ஆடும் சமூகக் கழகங்கள் மற்றொரு வகை. இரு வகையினர்க்கும் மாதத்தின் முதன்மையான நிகழ்ச்சி போட்டி நாளே. ஜேர்மன் கழகங்கள் பலவற்றில் அதற்கு 'மோனாட்ஸ்பெஹர்', அதாவது மாதக் கிண்ணம், என்று பெயர்.

இந்நாட்டில் திடலில் இறங்குவதற்கு முன் 'பிளாட்ஸ்ரைஃபே' என்னும் தகுதிச் சான்று பெறுதல் பொதுவான வழக்கமாகும். பந்தை அடிக்கத் தெரிந்தால் மட்டும் அது கிடைப்பதில்லை. விதிகளும், பிறர்க்கு இடையூறின்றி ஆடும் முறையும் அறிந்திருத்தல் வேண்டும்.

போட்டி நாளின் ஒழுங்கு

போட்டிக்கு முன்னரே பெயர்கள் பதியப்பட்டு, யார் யாருடன் எந்நேரத்தில் புறப்படுவது என்னும் பட்டியல் வெளியிடப்படும். மூவர் அல்லது நால்வர் ஒரு குழுவாகச் செல்வர். அறுபது வயதைக் கடந்தவரும் பதினைந்து வயது மாணவியும் ஒரே குழுவில் அமைவது இங்கு இயல்பு.

தொடக்க மேடையில் முதலில் நிகழ்வது அட்டை மாற்றிக் கொள்ளுதல். ஒருவருடைய புள்ளி அட்டையை அவர் வைத்திருப்பதில்லை; உடன் ஆடுபவர் ஒருவர் அதனைப் பெற்று அடிகளைக் குறித்து வருவார். அவருடைய அட்டை வேறொருவர் கையில் இருக்கும். ஒவ்வொரு குழி முடிந்ததும், "எத்தனை?" என்று குறிப்பவர் கேட்க, ஆடியவர் தம் எண்ணிக்கையைச் சொல்வார்.

ஆட்டத்தினிடையே கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள் பல. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் பேசலாகாது, அசையலாகாது. பந்து பிறரை நோக்கிச் சென்றால் "ஃபோர்!" என்று உரக்கக் கூவி எச்சரித்தல் வேண்டும். பெயர்ந்த புற்கட்டியை மீண்டும் பதித்தலும், மணற்குழியில் பதிந்த காலடிகளை வாரியால் சமப்படுத்தலும் கடமையாகும். காணாமற்போன பந்தைத் தேட மூன்று நிமிடங்களே உண்டு. 2019ஆம் ஆண்டுக்கு முன் இது ஐந்து நிமிடமாக இருந்தது. பின்வருவோரைக் காக்கவைத்தல் கூடாது என்பதே இதன் கருத்து.

ஆட்டம் முடிந்ததும் குறித்தவரும் ஆடியவரும் அட்டையைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டுப் போட்டிக் குழுவிடம் ஒப்படைப்பர். பின்னர் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உணவருந்த, முடிவுகள் வாசிக்கப்படும்.

முன்னளிப்பு என்னும் கணக்கு

இனி முதன்மையான வினாவுக்கு வருவோம். நாள்தோறும் பயிலும் இளைஞரும், மாதம் ஒருமுறை ஆடும் முதியவரும் ஒரே போட்டியில் எவ்வாறு நீதியாக மோதுவது?

இதற்கென அமைந்ததே ஆங்கிலத்தில் 'ஹண்டிகப்' எனப்படும் எண். தொப்பிக்குள் கையிட்டு ஆடிய பழைய பண்டமாற்று விளையாட்டு ஒன்றின் பெயரிலிருந்து அச்சொல் பிறந்தது. ஜேர்மன் மொழியில் இதற்கு வழங்கிய சொல் 'ஃபோர்காபே'. முன்னதாகக் கொடுக்கப்படுவது என்று அதற்குப் பொருள். அதனைத் தழுவி நாம் இதனை 'முன்னளிப்பு' என்று இங்கே வழங்குவோம். குறையைச் சுட்டாமல் கொடையைச் சுட்டுவதால் இச்சொல் நம் நோக்கத்திற்கு ஏற்றதாகும்.

முன்னளிப்பு என்பது ஒருவர்க்குப் போட்டியில் கழித்துக்கொள்ள வழங்கப்படும் அடிகளின் எண்ணிக்கை. வல்லவருக்கு அது சிறியது, புதியவருக்குப் பெரியது. உலக முழுமைக்கும் ஒரே கணக்கு முறை 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஜேர்மனி அதனை 2021இல் ஏற்றது. இம்முறைப்படி ஒருவருடைய அண்மைய 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியே அவருடைய குறியெண்ணுக்கு அடிப்படை. அதன் உச்ச வரம்பு 54. ஒருவருடைய தீய நாட்களைக் கொண்டு அவரை அளவாமல், அவரால் இயன்ற நல்ல நாட்களைக் கொண்டு அளப்பதனை மாணவர்கள் கவனித்தல் வேண்டும்.

திடலின் கடுமையும் கணக்கில் சேரும். எல்லாத் திடலும் ஒரு தன்மையன அல்ல. எனவே ஒவ்வொரு திடலுக்கும் 55 முதல் 155 வரை ஒரு கடுமை எண் வழங்கப்படுகிறது, பொதுநிலை 113. குறியெண்ணைக் கடுமை எண்ணாற் பெருக்கி 113ஆல் வகுத்தல் வேண்டும். (திடலின் மதிப்பீடு 'பார்' எண்ணிலிருந்து வேறுபட்டால் அவ்வேறுபாட்டையும் சேர்ப்பர்.) குறியெண் 18 உடையவர் கடுமை எண் 125 உள்ள திடலில் ஆடினால், 18ஐ 125ஆற் பெருக்கி 113ஆல் வகுக்க 19.9 வரும். ஆகவே அவருக்கு அன்று 20 அடிகள் முன்னளிப்பாகும். பாதை கடினமானால் கொடையும் மிகும்.

ஒரு குழியின் கணக்கு

மாதப் போட்டிகளில் பெரிதும் வழங்குவது 'ஸ்டேபிள்ஃபோர்ட்' முறை. பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்னும் மருத்துவர் வகுத்தமையால் அது அப்பெயர் பெற்றது. வேல்சில் 1898ஆம் ஆண்டிலேயே அவர் இதனைச் சோதித்துப் பார்த்தார். இங்கிலாந்தின் வாலசி கழகத்தில் 1932ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் இம்முறையில் போட்டி நடைபெற்றது. முன்னளிப்பைக் கழித்தபின் 'பார்' எண்ணுக்குச் சமமானால் 2 புள்ளி. ஓரடி மிகுந்தால் 1. ஓரடி குறைந்தால் 3. ஈரடி குறைந்தால் 4. ஈரடியோ அதற்கு மேலோ மிகுந்தால் புள்ளி இல்லை.

ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம். மாணவர் ஒருவருக்கு முன்னளிப்பு 9, அவருடைய தாயாருக்கு 27, பாட்டனாருக்கு 36. குழிகள் கடுமை வரிசையில் 1 முதல் 18 வரை எண்ணிடப்பட்டிருக்கும். 1 மிகக் கடினமானது. மாணவரின் 9 அடிகள் மிகக் கடினமான ஒன்பது குழிகளுக்கு ஒவ்வொன்றாகப் பகிரப்படும். தாயாருக்கு எல்லாக் குழிகளிலும் ஒவ்வோரடி. கடினமான ஒன்பதில் மேலும் ஒவ்வோரடி. பாட்டனாருக்கு எல்லாக் குழிகளிலும் ஈரடி.

வரிசையில் 14ஆவதாக உள்ள குழிக்குப் 'பார்' 4 எனக் கொள்வோம். மாணவர் 4 அடியில் முடிக்கிறார். அக்குழியில் அவருக்கு முன்னளிப்பு இல்லை; ஆகவே 2 புள்ளி. தாயார் 5 அடியில் முடிக்கிறார். ஓரடி கழிய 4. அவருக்கும் 2 புள்ளி. பாட்டனாரும் 5 அடியில் முடிக்கிறார். ஈரடி கழிய 3. அவருக்கு 3 புள்ளி. பேரனைவிட ஓரடி கூடுதலாக அடித்த பாட்டனார் அக்குழியில் முதல்வராகிறார். அவர் தம் வழக்கமான ஆற்றலைக் கடந்து ஆடினார் என்பதே அதற்குக் காரணம்.

அடுத்த குழியில் பாட்டனாரின் பந்து நீரில் விழுந்து அவர் 9 அடி எடுத்தால் என்னாகும்? அக்குழிக்கு அவர்க்குப் புள்ளி இல்லை; அவ்வளவே. அடுத்த மேடையில் அவர் புதிதாகத் தொடங்கலாம். ஓரிடத்து வீழ்ச்சி நாள் முழுவதையும் பாழாக்காமல் காப்பது இம்முறையின் சிறப்பு. தத்தம் முன்னளிப்புக்கு ஏற்ப ஆடும் எவரும் 18 குழிகளில் 36 புள்ளி பெறுவர்.

முடிவில் இருவகைப் பரிசுகள் வழங்கப்படும். முன்னளிப்பைக் கருதாத பரிசு 'புருட்டோ'. கருதிய பரிசு 'நெட்டோ'. பெற்றோர் தம் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் காணும் அதே சொற்கள்தாம். புருட்டோப் பரிசு ஆற்றலைப் போற்றுகிறது. நெட்டோப் பரிசு முன்னேற்றத்தைப் போற்றுகிறது. இரண்டும் ஒரே மேடையில் வழங்கப்படுகின்றன.

தன் கணக்கைத் தானே கூறல்

இக்கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. காற்பந்தாட்டத்தில் நடுவர் ஊதுகுழலுடன் ஓடுகிறார். மாதப் போட்டியிலோ ஒவ்வொரு குழுவையும் தொடரும் நடுவர் இல்லை. புதருக்குள் பந்தைத் தேடிச் சென்றவர் அங்கே எத்தனை முறை அடித்தார் என்பதை அவர் மட்டுமே அறியக்கூடும்.

1925ஆம் ஆண்டு அமெரிக்கத் திறந்த போட்டியில் பாபி ஜோன்ஸ் அடிக்க ஆயத்தமானபோது அவருடைய பந்து சிறிது அசைந்தது. பிறர் எவரும் அதனைக் காணவில்லை. அவரோ தாமே முன்வந்து ஓரடி தண்டத்தைத் தம் கணக்கிற் சேர்த்தார். இறுதியில் அவரும் மற்றொருவரும் சமநிலையில் நிற்க, மேலதிக ஆட்டத்தில் அவர் தோற்றார். அவ்வோரடியைச் சேர்க்காதிருந்தால் கிண்ணம் அவருடையதாயிருக்கும்.

உண்மை பேசினால் மட்டும் போதாது, கவனமும் வேண்டும். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில் ஆர்ஜெண்டினாவின் ரொபேர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியை 3 அடியில் முடித்தார். அட்டை குறித்தவர் தவறுதலாக 4 என எழுதிவிட்டார். டி விசென்சோ அதனைக் காணாமல் கையொப்பமிட்டார். எழுதிய எண் உண்மையினும் கூடியதாயின் எழுதியதே நிற்கும். குறைந்ததாயின் ஆட்டக்காரர் நீக்கப்படுவர் என்பது விதி. ஓரடி வேறுபாட்டால் அவர் மேலதிக ஆட்டத்திற்கான வாய்ப்பை இழந்தார். அன்று அவருடைய 45ஆம் பிறந்தநாள். வினாத்தாளை மீண்டும் வாசியாமல் ஒப்படைக்கும் மாணவர்கள் இச்செய்தியை நினைவிற் கொள்வார்களாக.

இவற்றினும் நுட்பமான பொய் ஒன்றுண்டு. பெரிய முன்னளிப்பைப் பெறும்பொருட்டுச் சாதாரண நாட்களில் வேண்டுமென்றே மோசமாக ஆடி, பரிசு நாளில் திறமையைக் காட்டுதல். கொடுக்கப்பட்ட சலுகையைக் களவாக்கும் இச்செயலைக் கழகத்தார் மிக இழிவாகக் கருதுவர். குறியெண்ணுக்கு மிக மேலான ஆட்டம் ஒன்று பதிவானால் குறியெண்ணை உடனே மேலும் குறைக்கும் ஏற்பாடு புதிய முறையில் உள்ளது. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமையைத் துலாக்கோலுக்கு ஒப்பிடுகிறது. சலுகை தருபவர் மட்டுமன்றிப் பெறுபவரும் அக்கோலைச் சாயாமல் பிடித்தால்தான் நீதி நிலைக்கும்.

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

இத்துணை நுட்பமாக நீதியைக் கணக்கிட்ட கழகங்கள் தம் வாயிலில் அந்நீதியைக் காத்தனவா? பெரும்பாலும் இல்லை என்றே வரலாறு கூறுகிறது.

ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் 1744இல் எழுதப்பட்ட பதின்மூன்று விதிகளே இவ்வாட்டத்தின் மிகப் பழைய விதித் தொகுப்பு. அங்கிருந்து ஆங்கில ஆட்சியுடன் ஆட்டமும் கடல் கடந்தது. கல்கத்தாவில் 1829இலும், கொழும்பு காலிமுகத்திடலில் 1879இலும், மலையகத்தின் நுவரெலியாவில் 1889இலும், கொடைக்கானலில் 1895இலும் கழகங்கள் தோன்றின. கொழும்புக் கழகம் 1896இல் பொரளைப் பகுதிக்குப் பெயர்ந்தது. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை அதன் திடலை ஊடறுத்துச் செல்வதை இன்றும் காணலாம். அக்காலத்தில் திடலில் ஆடியவர்கள் ஆட்சியாளரும் தோட்டத் துரைமாரும். கோற்பையைச் சுமந்தவர்கள் மண்ணின் மக்கள். கழகங்கள் இந்தியர்க்குக் கதவடைத்த அக்காலத்தில்தான் சென்னையில் 1873ஆம் ஆண்டு கொஸ்மொபொலிற்றன் கழகம் தோன்றியது. பின்னாளில் அக்கழகத்திற்கு நந்தனத்தில் கோல்ஃப் திடலும் அமைந்தது.

தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் நிகழ்ந்ததை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிதல் வேண்டும். 1860ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். முதற் கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. அச்சமூகத்திற் பிறந்த பப்வா செவ்கோலும் கோற்பை சுமந்தே ஆட்டம் கற்றவர். வழமைக்கு மாறாக இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்துக் கோலைப் பிடிப்பார். ஒல்லாந்துத் திறந்த போட்டியில் 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றார். 1963இல் நேட்டால் திறந்த போட்டியிலும் வெற்றி அவருக்கே. ஆனால் நிறவெறிச் சட்டம் அவரைக் கழக மண்டபத்துள் விடவில்லை. தோற்றவர்கள் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கிண்ணத்தைப் பெற்றார். அப்படம் உலகெங்கும் பரவியது. 1965இல் கேரி பிளேயரையும் முந்தி அதே போட்டியை மீண்டும் வென்றார். அதன்பின் போட்டிகளின் கதவு அவருக்கு முற்றாக அடைக்கப்பட்டது. 1978இல் அவர் மறைந்தார். இன்று டேர்பனில் ஒரு திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெண்களுக்கும் இதே நிலை நெடுங்காலம் நீடித்தது. 1744இல் முதல் விதிகளை எழுதிய அதே கழகம், பெண்களை உறுப்பினராக்க இசைந்தது 2017ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட காலம் 273 ஆண்டுகள்! ஆயினும் காலம் மாறுகிறது. பெங்களூரின் அதிதி அசோக், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். கல்கத்தாத் திடலின் புற்றரையைப் பராமரித்தவரின் மகன் சௌரசியா 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் இந்தியத் திறந்த போட்டியை வென்றார்.

நாம் வாழும் பவேரிய மாநிலமும் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. ஆக்ஸ்பூர்க் அருகே ஆன்ஹௌசன் கிராமத்தில் 1957இல் பிறந்தவர் பேர்ன்ஹார்ட் லாங்கர். அவர் தந்தை, போர்க் கைதியாகச் சைபீரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வேளையில் தொடருந்திலிருந்து குதித்துத் தப்பி, இங்கே குடியேறிச் செங்கல் அடுக்கிப் பிழைத்தவர். மகன் சிறுவயதிலேயே கோற்பை சுமந்தார். பின்னர் 1985, 1993 ஆகிய ஆண்டுகளில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். 1986இல் உலகத் தரவரிசை தொடங்கியபோது அதில் முதலிடம் பெற்றார். நாட்டை இழந்து வந்த ஒரு தந்தையின் வியர்வை மகனுக்கு முன்னளிப்பாயிற்று எனலாம். நம் பெற்றோர் பலருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

நமக்குரிய பாடம்

நம் தமிழ் வகுப்பை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் பாட்டியுடன் தமிழிலேயே பேசி வளரும் பிள்ளையும், பெற்றோர் இருவரும் மாறுவேளைப் பணிக்குச் செல்வதால் தமிழ் கேட்கவே வாய்ப்புக் குறைந்த பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். இருவர்க்கும் ஒரே வினாத்தாள். ஒருவர் 90 புள்ளி பெறுகிறார். மற்றவர் சென்ற ஆண்டு 30 பெற்று இவ்வாண்டு 55 பெறுகிறார். நம் பரிசு மேடை முதலாமவரை மட்டுமே அழைக்குமாயின், அது புருட்டோவை மட்டும் அறிந்த மேடை. முதலாமவர்க்குரிய மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. இரண்டாமவர்க்கும் ஒரு நெட்டோப் பரிசு வைத்தால் போதும். தமிழைக் கைவிட எண்ணியிருந்த ஒரு பிள்ளை அப்பரிசினால் அடுத்த ஆண்டும் வகுப்புக்கு வரக்கூடும்.

பெற்றோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியைச் சொல்லி நம் பிள்ளையை அளப்பது முன்னளிப்பை மறந்த கணக்காகும். மாணவர்களே, உங்களுக்கும் ஒன்றுண்டு. சலுகை பெறுவது இழிவன்று. சலுகையிலேயே தங்கிவிட எண்ணுவதே இழிவு. நல்ல ஆட்டக்காரர் தம் முன்னளிப்பு ஆண்டுதோறும் குறைவதையே பெருமையாகக் கொள்வார். எவரும் பாராத இடத்தும் உங்கள் அடிகளை நீங்களே சரியாக எண்ணுங்கள். நாளை நீங்கள் ஒரு கழகத்தையோ சங்கத்தையோ நடத்தும் நிலைக்கு உயரும்போது, வென்றவர் எவரும் மழையில் நிற்காதவாறு அதன் கதவைத் திறந்து வையுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கூறிய தாயார், கடுமை வரிசையில் 5ஆவதாக உள்ள, 'பார்' 5 ஆன குழியை 7 அடியில் முடித்தால் எத்தனை புள்ளி பெறுவார்?
2. குறியெண் 36 உடையவர்க்குக் கடுமை எண் 125 உள்ள திடலில் முன்னளிப்பு எவ்வளவு?
3. புருட்டோப் பரிசு, நெட்டோப் பரிசு ஆகியவற்றின் வேறுபாட்டை உம் சொற்களில் எழுதுக.
4. பாபி ஜோன்ஸ், டி விசென்சோ ஆகிய இருவரும் ஓரடியால் இழந்தனர். இரு இழப்புகளும் ஒரே தன்மையனவா? காரணம் கூறுக.
5. உம் வகுப்பில் நெட்டோப் பரிசு ஒன்று வழங்குவதாயின் அதற்குரிய கணக்கை எவ்வாறு அமைப்பீர்? பெற்றோருடன் கலந்துரையாடி ஒரு பக்கம் எழுதுக.